அப்பாவின் மூச்சு

மதுரைக்கு வெளியே ஒரு கலைக் கல்லூரி. அங்கே வஹிதா என்று ஒருவர் ஒலிப்பதிவு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும். எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து பாதிப் பதில்தான் வரும். மீதிக்கு அவரவர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். முதுகுக்குப் பின்னால் அவரைத் திட்டிய மாணவர்கள் உண்டு. ஆனால் வகுப்புக்கு மட்டம் போட்டவர்கள் குறைவு.

அந்தக் கல்லூரியில் மாணவர்களே சேர்ந்து வருஷம் ஒருமுறை ஒலி விழா நடத்துவார்கள். பாட்டுக் கச்சேரி என்று நம்பி வருகிறவர்கள் பாதியில் நழுவிவிடுவார்கள். ஒருத்தி கிரைண்டருக்குள் கோலிக்குண்டுகளைப் போட்டு ஓடவிட்டு, அந்தச் சத்தத்தோடு சேர்ந்து ஹம்மிங் செய்வாள். ஒருத்தன் ஐஸ்கட்டிக்குள் மைக்கை உறையவைத்து, அது விரிசல் விடுகிற சத்தத்தை ஊருக்கே கேட்கவைப்பான். மைக் டெஸ்ட் எப்போது முடியும், புரோகிராம் எப்போது ஆரம்பிக்கும் என்று கல்லூரி வாட்ச்மேன் ஒருமுறை நிஜமாகவே கேட்டார். பிள்ளைகளுக்கு மூஞ்சி தொங்கிப்போய்விட்டது.

இந்த வருஷ விழாவை முன்னால் நின்று நடத்தியவன் சோலைராஜ். திண்டுக்கல் பக்கத்துப் பையன். அவன் அப்பா பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்து படிந்து, தை மாசத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அம்மா அழவில்லை. பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் அழவில்லை, எடுத்துக்கொண்டு போனபோதும் அழவில்லை. ஈஸ்வரிக்குக் கல்நெஞ்சு என்றார்கள் வந்தவர்கள். நல்ல மனசுக்காரர்கள் தைரியசாலி என்றார்கள். சோலைராஜுக்கு இரண்டையும் கேட்கச் சகிக்கவில்லை. மாசங்கள் போயின. அம்மா சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்கு ஆமாம் இல்லை என்றாள். அதற்கு மேல் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சோறு இறங்கவில்லை. ஜாக்கெட் தோளில் நிற்காமல் சரிந்தது. அழாவிட்டால் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போய்விடுவாள், பார்த்துக்கொள் என்று ஆஸ்பத்திரி டாக்டரே அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவுக்கு அடுத்து அம்மாவும் போய்விடுவாளோ என்ற பயம் அவனை விடவில்லை.

அவனிடம் ஒன்று இருந்தது. அப்பாவின் கடைசி நாளன்று, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய மூச்சைப் பதிவு செய்து வைத்திருந்தான். ஒலிப்பதிவு படிக்கிற பிள்ளைகள் அப்படித்தான். கல்யாண வீடோ கருமாதி வீடோ, பையில் ரெக்கார்டர் இருக்கும். அந்த மூச்சை வைத்து ஒரு படைப்பு செய்வதென்று அவன் முடிவெடுத்தான். அதை விழாவின் கடைசி நிகழ்ச்சியாக வைத்து, அம்மாவை முதல் வரிசையில் உட்காரவைத்துவிட வேண்டும். அந்த மூச்சைக் கேட்டால் கல்லும் அழும், அம்மா அழமாட்டாளா?

ராப்பகலாக உட்கார்ந்து வேலை செய்தான். ஃபேன் இரைச்சலை எடுத்தான். பக்கத்துக் கட்டில்காரர் இருமலை எடுத்தான். தேவையில்லாத பேச்சுகளை எல்லாம் வெட்டி எறிந்தான். மூச்சு மட்டும் நின்றது. ஏறி, அடைத்து, இழுத்து, இறங்குகிற மூச்சு.

விழாவுக்கு முந்தைய வாரம் அதை வஹிதாவிடம் போட்டுக் காட்டினான். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ரொம்பச் சுத்தமா இருக்கு" என்றார். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

விழா நாள் வந்தது. அம்மாவை பஸ் ஏற்றிக் கூட்டிவந்து முதல் வரிசையில் உட்காரவைத்தான். கிரைண்டரும் ஐஸ்கட்டியும் முடிந்து, சாயங்காலம் அவன் முறை வந்ததும் விளக்குகளை அணைத்தார்கள். நாலு மூலையிலிருந்தும் அப்பாவின் மூச்சு கிளம்பியது.

அரங்கமே உறைந்துபோனது. யாரோ விசும்பினார்கள். அப்புறம் இன்னொருவர். தன் அப்பாவுக்குப் போன் பண்ண ஒருத்தன் எழுந்து வெளியே ஓடினான். சோலைராஜ் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் முன்னால் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு ஆரம்பித்ததுமே அவள் முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இதோ உடையப்போகிறது என்று அவன் காத்திருந்தான். கடைசி மூச்சு அடங்கி விளக்குப் போட்ட பிறகும் அவள் அப்படியேதான் இருந்தாள். கண் காய்ந்து கிடந்தது.

கைதட்டல் ஓய்ந்து கூட்டம் கலைந்தது. வெளியூரிலிருந்து வந்த யாரோ அவனைக் கட்டிப்பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அவனுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. நேராக அரங்கத்துக்குப் பின்னால் இருந்த ஒலிப்பதிவு அறைக்குப் போனான். வஹிதா அங்கே ஹெட்போன்களைத் துடைத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் அழுதாங்க மேடம்" என்றான். "யாருக்காக செஞ்சனோ அவங்க அழல. இதுல என்ன குறையுது?"

வஹிதா துடைப்பதை நிறுத்தவில்லை.

"வெட்டாத ஃபைல் வச்சிருக்கியா?"

"இருக்கு. ஆனா அதுல ஒண்ணும் இல்ல மேடம். வெறும் குப்பை."

"குப்பையைப் போடு."

போட்டான். முதலில் ஃபேன் சத்தம். வராண்டாவில் யாரோ வாளியை இழுக்கிறார்கள். பக்கத்துக் கட்டில் இருமல். அதற்கெல்லாம் அடியில் அப்பாவின் மூச்சு. பிறகு கண்ணாடி வளையல் குலுங்குகிற சத்தமும், அதையொட்டி அம்மாவின் குரலும் வந்தன.

"இந்தாங்க... இங்க பாருங்களேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

உடனே, மைக்குக்கு மிகப் பக்கத்தில் இன்னொரு குரல். சோலைராஜின் குரல்.

"ம்மா, சத்தம் விழுது. ஆச்சுன்னு நான் சொல்ற வரைக்கும் பேசாம இரு. வளையலும் கேக்குது பாரு."

வளையல்களை ஒவ்வொன்றாக முழங்கைப் பக்கம் ஏற்றி இறுக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. மூச்சு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

சோலைராஜ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். சொன்னது சத்தியமாக அவனுக்கு ஞாபகமே இல்லை. ஒலிப்பதிவு செய்கிறவன் ஒரு நாளைக்குப் பலமுறை சொல்கிற வாசகம் அது. டீக்கடையில் பதிவு செய்தாலும் சொல்வான், கோயிலில் செய்தாலும் சொல்வான். அவன் 'ஆச்சு' என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் இருமக்கூடச் செய்வார்கள். வெட்டும்போதும் திரையில் தன் குரலின் அலை தெரிந்த இடத்தையெல்லாம் கேட்டுப் பார்க்காமலே வெட்டியிருந்தான். அதுவும் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். அந்த வெட்டில் அம்மாவும் போயிருந்தாள்.

மூச்சின் இடைவெளி நீண்டது. ஒன்று வந்தது. அடுத்தது வருமா என்று அவன் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தான். வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் யாரோ ஓடிவருகிற செருப்புச் சத்தத்தோடு ஃபைல் முடிந்தது.

வஹிதா துணியை மடித்து வைத்தார்.

"அவங்க என்ன சொல்ல வந்தாங்க?"

"தெரியாது மேடம்."

"அப்புறமாவது கேட்டியா?"

அவன் தலையை ஆட்டினான். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அப்பாவின் மூச்சை எப்படிச் சுத்தம் பண்ணுவது என்பதிலேயே இத்தனை மாசமும் போயிருந்தது. அவமானத்தில் அவனுக்குக் காது மடல் சுட்டது.

"நீ ஆச்சுன்னு சொன்ன இடத்தைப் போடு."

அவன் ஃபைலின் கடைசிக்குப் போனான். செருப்புச் சத்தம், முடிவு. கொஞ்சம் பின்னால் போனான். ஃபேன். இன்னும் பின்னால் போய்த் தேடினான். இரண்டு முறை தப்பான பட்டனை அழுத்தினான்.

"இல்ல மேடம். நர்ஸ் ஓடிவந்தாங்க. அவசரத்துல ரெக்கார்டரை ஆஃப் பண்ணிட்டேன்."

வஹிதா போய்க் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் அரங்கம் தெரியும். பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டே கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் ஈஸ்வரி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் நாற்காலிக்கு அடியில் ஓடிய கேபிளை ஒருவன் இழுத்தபோது, சத்தமில்லாமல் காலைத் தூக்கி வழிவிட்டாள். பிறகு காலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"மேடம், நான் இப்ப என்ன செய்யட்டும்?"

வஹிதா திரும்பவில்லை.

"அவங்களுக்கு ரெக்கார்டிங் இன்னும் ஓடிட்டிருக்கு. போய் ஆச்சுன்னு சொல்லு."