தப்பிய வரிசை

நிலோஃபர் மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வயது முப்பத்தாறு. அவரிடம் கற்க வந்த வேதமூர்த்திக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தைந்து வருடம் பயணிகள் விமானம் ஓட்டியவர்.

அன்று பருத்திக்காட்டின் மேல் பயிற்சி. தொட்டியில் மருந்துக்குப் பதில் தண்ணீர். ஒரு வரிசைக்குத் தெளித்து முடித்ததும், காட்டின் கோடியில் சற்று மேலேறித் திரும்பி, அடுத்த வரிசையில் நுழைய வேண்டும். நுழைய முடியாமல் போய்விடுமோ என்று வேதமூர்த்தி ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியை இழுத்துத் திருப்பத்தை இறுக்கினார். எச்சரிக்கை மணி அலறியது. நிலோஃபர் தன் இருக்கையில் இருந்த இன்னொரு கைப்பிடியை முன்னால் தள்ளி விமானத்தை நேராக்கினார். நான்கு முறை இதேதான் நடந்தது.

இறங்கியதும் நிலோஃபர் ஹெல்மெட்டைக் கழற்றி இருக்கையில் எறிந்தார்.

“எத்தனை தடவை சார் சொல்றது? இறுக்கித் திருப்பினா இறக்கை காத்தை விட்டுடும், விமானம் விழும். மூவாயிரம் அடியில விட்டா மறுபடி பிடிச்சுக்கலாம். பனைமர உயரத்துல எங்க போய்ப் பிடிப்பீங்க?”

“எந்த வேகத்துக்குக் கீழ போனா விடும்? அந்த நம்பரைச் சொல்லுங்க மேடம். மறக்க மாட்டேன்.”

“மூணு பேருக்குச் சொன்னேன். மூணு பேரும் சரியா ஒப்பிச்சாங்க. மூணு பேர் உடம்புக்கும் மாலை போட்டுட்டு வந்தேன்.”



“அப்ப நான் என்னதான் செய்யறது?”

“ஏறுங்க.”

இம்முறை நிலோஃபரே ஓட்டினார். கோடியில் அகலமாகத் திரும்பினார். வரிசை தப்பியது. அப்படியே காட்டைக் கடந்துபோய்ச் சுற்றி வந்தார். மறுபடியும் தப்பியது.

“மேடம், இன்னும் கொஞ்சம் இழுத்தா போதும்!”

அவர் இழுக்கவில்லை. மூன்றாவது சுற்றில்தான் வரிசைக்குள் நுழைந்தார்.

இறங்கியபோது காட்டுக்காரர் பொன்னுரங்கம் சிரித்துக்கொண்டே வந்தார். பின்னால் களையெடுக்கும் பெண்கள்.

“என்னம்மா, வரிசை கண்ணுக்குத் தெரியலையா?”

“தப்பிடுச்சுண்ணே. ரெண்டு தடவை.”

பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அவர்கள் நகர்ந்ததும் வேதமூர்த்தி பொரிந்து தள்ளினார்.

“முதல் சுத்துலயே உங்களால நுழைஞ்சிருக்க முடியும். வேணும்னே விட்டீங்க. இத்தனை பேர் முன்னாடி எனக்குக் கூசிப்போச்சு மேடம்.”

“கூசட்டும் சார். உயிரோட இறங்கிட்டோம் இல்ல?”