நாற்பத்தைந்து சுளை

அன்று வகுப்பில் இருந்தவர்கள் ஆறு பேர். பேராசிரியை சபீனா. முதலாண்டு மாணவர்கள் இளம்பரிதி, ரெபேக்கா, தவமணி, அஸ்லம். ஆறாவது ஆள் அலுவலக உதவியாளர் கோதண்டம். இளம்பரிதியின் பாடமாற்றப் படிவத்தை வாங்கிப் போக வந்தவர்.

அந்தக் கல்லூரியில் கணிதமும் பொருளியலும் சேர்ந்து ஒரே பட்டப்படிப்பு. இளம்பரிதிக்குப் பொருளியல் வேண்டாம். கணிதத்துக்கு மட்டும் மாறிக்கொள்ள அன்று நான்கு மணி வரைதான் கெடு.

"ஏன் மாறணும்?" என்றார் சபீனா.

"கணக்குல ஒரு தடவை நிரூபிச்சா முடிஞ்சுது மேடம். பொருளியல்ல மூணு பேர் மூணு விடை எழுதறாங்க. மூணுக்கும் மார்க் போடறீங்க."

"உனக்கும் போட்டேனே!" என்றார்.

"அதுதான் மேடம் எனக்குப் பயம்."

சபீனா சிரித்துவிட்டார். தவமணி பண்ருட்டியிலிருந்து கொண்டுவந்த பலாச்சுளைகள் மேசைமேல் வாழையிலையில் இருந்தன.

"இதை எல்லாருக்கும் நியாயமாப் பங்கு போடு."

இளம்பரிதி எண்ணினான். நாற்பத்தைந்து. ஆறு பேருக்கும் ஏழேழு வைத்தான். மூன்றை இலையில் விட்டான்.

"சரியா இருக்கா?"

"யாரும் தப்பு சொல்ல முடியாது மேடம்."

"நல்லது. இனி நீ பேசாதே, பார்."

முதலில் கோதண்டம்தான் நெளிந்தார். "எனக்குச் சர்க்கரை. ஒண்ணு போதும். மீதி ஆறும் உங்களுக்கு. கொட்டையெல்லாம் எனக்கு. கத்தரிக்காயோட போட்டா வீட்டுல குழம்பு அமிர்தம்."

"ஆறும் எனக்கு!" என்றான் அஸ்லம்.

"பலா யாரு வீட்டுது?" என்றாள் தவமணி. ஆளுக்கு மூன்றாயிற்று.

ரெபேக்காவுக்குக் கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். அவள் தன் குழைந்த சுளை இரண்டைத் தவமணியிடம் தள்ளிவிட்டு, கெட்டியான இரண்டை எடுத்துக்கொண்டாள். ஒரே சிரிப்பு, ஒரே பிசுபிசுப்பு.

சபீனா கையைத் தட்டினார். "எல்லாரும் பழையபடி ஏழேழு வெச்சுக்கலாமா?"

"வேணாம்!" என்று நாலு குரல் ஒன்றாக வந்தது. கோதண்டத்தின் குரல்தான் பெரிது.

"இளம்பரிதி, நீ போட்ட பங்கு தப்பா?"

"இல்லை மேடம்."

"இப்ப சுளை கூடியிருக்கா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் ஒருத்தர்கூடத் திரும்ப மாட்டேங்கறாங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு யோசித்தான். சுளைகள் தீரும்வரை யோசித்தான். கோதண்டம் கொட்டைகளைப் பொறுக்கி எண்ணினார். "நாற்பத்தஞ்சு."

"நாற்பத்திரண்டுதானே வரணும்? மூணு மீதி வெச்சேனே!"

"யோசிக்கும்போதே அந்த மூணையும் நீயே தின்னுட்டேடா," என்றான் அஸ்லம்.

இளம்பரிதிக்குக் காது சிவந்தது. ஆனாலும் அவன் கேட்டுவிட்டான்: "மேடம், எதுவும் கூடாம எல்லாருக்கும் கூடுதலாத் தோணுதே. இதை நிரூபிக்க முடியுமா?"

"முடியும். ரெண்டாம் வருஷத்துல வரும்."

மணி நான்காக ஐந்து நிமிடம். கோதண்டம் கொட்டைகளைச் சுற்ற ஒரு தாள் கேட்டார். இளம்பரிதி தன் படிவத்தை நீட்டினான். அவர் அதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு இறுக்கிச் சுற்றினார்.

"ஆபீஸ்ல கேப்பாங்களே மேடம். இந்த வகுப்புல மீதி எத்தனை பேர்?"

சபீனா ஒவ்வொரு முகமாக விரல் நீட்டி எண்ணினார்.

"நாலு."