அனுப்பியது யார்

ஐப்பசி மழை ஓய்ந்து ஒரு மாதம் கழித்து ஞானாபரணம் ஆசிரமத்துக்கு வந்தார். தங்குவதற்காக அல்ல. தம்முடைய காவித் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த பஸ்ஸில் போய்விட வேண்டும் என்றுதான் வந்தார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். பிள்ளைகள் கிடையாது. மனைவியை அடக்கம் செய்த பிறகு, ஆற்றங்கரையில் இருந்த அந்தக் கிறிஸ்தவ ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்து, அதன் அடையாளமான காவித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். தொழுநோயால் கை கால் தேய்ந்து, வீட்டாரால் கைவிடப்பட்டவர்களை அங்கே வைத்துப் பராமரித்தார்கள். ஆசிரமத்தின் குருவுக்குப் பெயர் ஏசுவடியான். ஞானாபரணத்தைவிட வயதில் இளையவர். ஆனாலும் குருவைச் சீடர்கள் எல்லாரும் 'அண்ணன்' என்றுதான் கூப்பிடவேண்டும். அது அங்கே வழக்கம்.

அண்ணன் கிணற்றடியில் உட்கார்ந்து புண் கட்டுகிற துணிகளை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தார். நிழல் விழுவதைக் கண்டு தலையைத் தூக்கினார். கையிலிருந்த துணி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

எழுந்து வந்து, ஈரக் கைகளால் ஞானாபரணத்தின் முகத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"உங்களை ஆத்தோரமா தேடினோம்," என்றார். "அணைக்கட்டு வரைக்கும் தேடினோம்."

ஞானாபரணம் இதை எதிர்பார்க்கவில்லை. தம்மைத் தேடியிருப்பார்கள் என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. பின்னால் நகர்ந்து, மடித்த துண்டை நீட்டினார்.

"இதக் குடுக்கத்தான் வந்தேன் அண்ணே. இதத் தோள்ல போட எனக்கு லாயக்கு இல்ல."

அண்ணன் துண்டை வாங்கவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும்," என்றார் ஞானாபரணம். "சுடலைக்கண்ணை எங்க அடக்கம் பண்ணீங்க?"

"முதல்ல உக்காருங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

ஞானாபரணம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

அந்த ஐப்பசி மழையில் ஒருநாள் மத்தியானம் ஆறு கரையை மீறிக்கொண்டு வந்தது. நோயாளிகளை மேட்டிலிருந்த ஆசிரமத்து வேதக்கோவிலுக்கு ஆளுக்கு ஒருவராகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நடக்க முடியாத சுடலைக்கண் கிழவரைத் தூக்கியது ஞானாபரணம். வயல் வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று நினைத்தார். பாதி வயலில் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. பிறகு நெஞ்சுக்கு. பம்புசெட் அறையின் கூரைமேல் கிழவரை ஏற்றி உட்காரவைத்தார். 'ஆள் கூட்டிக்கிட்டு இப்ப வாரேன்' என்றார். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னார்.

கரையேறித் திரும்பிப் பார்த்தார். செக்கச் செவேலென்று தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. ஒரு பசுமாட்டை அது உருட்டிக்கொண்டு போனது. கோவிலுக்குப் போனால் வழிகாட்டத் தாமும் திரும்ப அதில் இறங்கவேண்டியிருக்கும். ஞானாபரணம் கோவில் பக்கம் போகவில்லை. ரோட்டைப் பார்த்து ஓடினார். வழியில் வந்த லாரியில் ஏறி மதுரைக்குப் போய்ச் சேர்ந்தார். பழைய மாணவன் ஒருவனின் அச்சகத்தில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே படுத்துக்கிடந்தார். அத்தனை நாளும் ஒரு செய்தித்தாளைக்கூட அவர் பிரிக்கவில்லை.

"பேதுரு மறுதலிச்ச கதையை எத்தன பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன்," என்றார். "அந்தாளு நெருப்புகிட்ட நின்னு, ஏசுவைத் தெரியாதுன்னு சொன்னான், அவ்வளவுதான். நான் ஒரு கிழவரைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு வந்தவன். சொல்லுங்க அண்ணே. என்னைய மாதிரி ஒருத்தனை ஆண்டவர் இன்னும் வச்சுக்கிடுவாரா?"

அண்ணன் அடுக்களைக்குள் போனார். ஒரு கிண்ணத்தில் சூடான கஞ்சியும் ஒரு கரண்டியும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"கஞ்சி வேளை தாண்டிப்போச்சு. சுடலைக்கண்ணு ஐயா சத்தம் போடுவாரு. வாங்க."

ஞானாபரணத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்காரா?"

"இருக்காரு."

"என்னால அவரு மூஞ்சியில முழிக்க முடியாது அண்ணே."

"கஞ்சி ஆறுது," என்று சொல்லிவிட்டு அண்ணன் நடந்தார்.

சுடலைக்கண் நோயாளிகள் கூடத்தின் கடைசிக் கட்டிலில் சுவரில் சாய்ந்திருந்தார். வருகிறவர்களைக் கண்களைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அவர் முகம் முழுவதும் விரிந்தது.

"யாரு, வாத்தியாரா? வாரும் வே, வாரும்! ஆத்தோட போயிட்டீருன்னு இங்க அழுதானுவ. நான் நம்பலியே. வாரேன்னு சொன்ன மனுசன் வருவாருன்னு சொன்னேன். இந்தா, பக்கத்துக் கட்டில்காரன்ட்ட கேளும்!"

ஞானாபரணம் வாசற்படியிலேயே நின்றார்.

"எம் மவன் என்னைய இந்த வாசல்ல எறக்கிவிட்டான். 'இப்ப வாரேம்ப்பா'ன்னு சொல்லிட்டுப் போனான். இன்னும் வந்துக்கிட்டே இருக்கான்," என்று கிழவர் சிரித்தார். "நீரு அப்படியா? ஒம்மால வர முடியலன்னதும் சாமியை அனுப்பி வச்சீருல்லா!"

அவர் சாமி என்றது அண்ணனை. ஞானாபரணம் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அண்ணன், ஞானாபரணத்தின் கையிலிருந்த காவித் துண்டை எடுத்து, கிழவரின் கழுத்தைச் சுற்றி, கஞ்சி சிந்தாமல் இருக்க மார்பில் விரித்துவிட்டார். கிண்ணத்தை ஞானாபரணத்திடம் கொடுத்தார்.

ஞானாபரணம் கட்டிலருகே போனார். கரண்டியில் அள்ளினார். சுடலைக்கண் வாயைத் திறந்தார். கரண்டி பாதி வழியில் நின்றது. கஞ்சி துண்டில் சிந்தியது.

"நான் அனுப்பல ஐயா."

"என்னது?"

"நான் யாரையும் அனுப்பல. யார்கிட்டயும் சொல்லல. ஒம்மை அங்க விட்டுட்டு ஓடிப்போயிட்டேன்."

சுடலைக்கண் திறந்த வாயை மூடினார். வாத்தியாரையே பார்த்தார். மெல்ல மெல்ல அந்த முகத்திலிருந்த வெளிச்சம் போயிற்று. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாமி," என்றார் சுவரைப் பார்த்தபடி. "வாத்தியார்தான் அனுப்பினாருன்னு நீரும் சொன்னீரே."

"சொன்னேன்."

"பொய்யா?"

"வாத்தியார் வந்தாத்தான் எறங்குவேன்னு நீங்க அடம்பிடிச்சீங்க. தண்ணி கூரையைத் தொட்டுட்டு இருந்துச்சு. அவருதான் அனுப்பினாருன்னு சொன்னேன். ஒடனே கையை நீட்டினீங்க. பொய்தான் ஐயா. தினமும் செபத்துல அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்போ நான் அங்க இருக்கேன்னு ஒமக்கு யாரு சொன்னா?"

அண்ணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"யாரும் சொல்லல. எல்லாரும் வந்து சேந்தாச்சுன்னு கோவில்ல பேசிக்கிட்டாங்க. நானும் நம்பி, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி மணி அடிச்சேன். கயிறு என் கையிலதான் இருந்துச்சு. அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே, யாரோ முதுகுல கைய வச்சு, 'வயலுக்குப் போ'ன்னு தள்ளின மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல. கயித்த விட்டுட்டு எறங்கினேன். ஏன் எறங்கினேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல."

ஞானாபரணம் கிண்ணத்தைத் தரையில் வைத்தார்.

"மணி பாதியில நின்னுச்சு," என்றார்.

அண்ணன் நிமிர்ந்தார்.

"நான் ரோட்டுல ஓடிக்கிட்டு இருந்தேன். மணிச் சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் பத்திரம்னு நினைச்சுத்தான் அடிக்கிறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னும் ஒருத்தர் வெளிய இருக்காருன்னு உலகத்துல எனக்கு மட்டுந்தான் தெரியும். நெஞ்சு வெடிச்சிரும்போல இருந்துச்சு. 'ஆண்டவரே, என்னால முடியாது, நான் போகமாட்டேன், நீர் யாரையாவது அனுப்பும்'னு கத்தினேன். கத்தி முடிக்கல. மணி நின்னுபோச்சு."

கட்டில்களில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"எனக்குப் பயந்தான் கூடிச்சு," என்றார் ஞானாபரணம். "ஆண்டவர் கோவிச்சுக்கிட்டாருன்னு நினைச்சேன். இன்னும் வேகமா ஓடினேன்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் கத்திவிட்டுப் பறந்தது. அண்ணன் எழுந்தார். எழுந்தவர், காலில் கிடந்த செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தார். வெறுங்காலோடு அந்தச் சிமென்ட் தரையில் வந்து நின்றார். அவர் கைகள் தாமாகவே குவிந்திருந்தன.

"அப்போ நான் பொய் சொல்லல," என்றார். குரல் அவருடையதுபோல இல்லை.

சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த சுடலைக்கண் முழங்கையை ஊன்றி, சிரமப்பட்டு, இந்தப் பக்கம் திரும்பினார். ஞானாபரணத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒங்க ஆண்டவரப்பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது வாத்தியாரே," என்றார். "ஆனா விட்டுட்டு ஓடினவன் எனக்காகக் கத்திக்கிட்டே ஓடினான்னு இன்னைக்குத்தான் கேக்கேன்."

ஞானாபரணம் தலையைத் தூக்கவில்லை.

"கிண்ணத்த எடும் வே. பசிக்குது."

கிழவர் வாயைத் திறந்தார். ஞானாபரணம் கிண்ணத்தை எடுத்து ஊட்டினார். கண்ணீர் மூக்கு நுனி வரை வந்து கஞ்சியில் சொட்டியது. கிழவர், "உப்புப் போதும்," என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். கிண்ணம் காலியாகும்வரை அண்ணன் அந்த இடத்திலேயே வெறுங்காலோடு நின்றார்.

வெளியே வந்தார்கள். அண்ணன் மறுபடி கிணற்றடிக்குப் போய், ஆறிப்போன வெந்நீரில் துணிகளை அலசத் தொடங்கினார். ஞானாபரணமும் எதிரே உட்கார்ந்து ஒரு துணியை எடுத்துக் கசக்கினார். ரோட்டில் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அண்ணே."

"ம்."

"ஆண்டவர்ட்ட முழங்கால் போட்டுக் கேக்கல. நின்னுகூடக் கேக்கல. ஓடிக்கிட்டேதானே கேட்டேன்?"

அண்ணன் துணியைப் பிழிந்து உதறினார்.

"அவரு நின்னு கேட்டிருக்காரு."