செலஸ்டினா மேடம் ஆண்கள் ஹாஸ்டலுக்கு வார்டனா இருந்த கதை

என் கைடு செலஸ்டினா மேடத்தப் பத்தி எங்க டிபார்ட்மெண்ட் வெப்சைட்ல ரெண்டே வரிதான் இருக்கும்.

படிப்பு: பி.எச்டி. ஆராய்ச்சி: இறால் எப்போ கெடுது.

அவ்வளவுதான். பாக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

பக்கத்து ரூம் பொன்னுலிங்கம் சாருக்குப் பத்தொம்பது பக்கம். எந்த மாநாட்டுக்குப் போனார், எந்த மேடையில உக்காந்தார், யார் சால்வை போட்டாங்க, எல்லாம் இருக்கும். பதினேழாவது பக்கத்துல அவர் ரத்த தானம் செஞ்ச சர்ட்டிபிகேட்.

அந்த மாசம் கமிட்டி வருதுன்னு லெட்டர் வந்துச்சு. ஒவ்வொரு வாத்தியாரும் என்ன படிச்சார், எங்க வேல பாத்தார்னு துருவிப் பாப்பாங்களாம். திருப்தி இல்லன்னா கைடா இருக்கிற தகுதியப் பறிச்சிருவாங்க. மேடத்துக்குப் பறிபோனா நான் பொன்னுலிங்கம் சார்கிட்ட போகணும். அவர் பாசியில ஆராய்ச்சி பண்ற ஆளு. என் ரெண்டு வருஷ இறாலையும் ஓரமா வச்சிட்டு, பாசியில முதல்ல இருந்து ஆரம்பிம்மான்னு சொல்லுவார். எனக்கு இருபத்தெட்டு வயசு. வீட்டுல ஏற்கனவே ஜாதகத்தக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறாங்க.

ஃபார்மத் தூக்கிக்கிட்டு லேப்புக்குப் போனேன். மேடம் மைக்ராஸ்கோப்புல ஒரு கண்ண வச்சிருந்தாங்க.

"மேடம், கமிட்டி ஃபார்ம் வந்திருக்கு."

"நிரப்பிரு, இசக்கி."

"என்னத்த நிரப்ப? ப்ளஸ் டூ முடிச்சது தொண்ணூத்தேழு. பி.எஸ்ஸி. சேந்தது ரெண்டாயிரத்து நாலு. நடுவுல ஏழு வருஷம் காலி. காலியா விட்டா கட்டம் செவப்பாயிருது, ஃபார்ம் உள்ள போக மாட்டேங்குது."

"காலியா? நான் எங்கயும் போகலையே. இங்கதான இருந்தேன்."

"இங்கன்னா?"

"ஹார்பர் பக்கம், இறால் ஷெட்ல. உரிச்சிட்டிருந்தேன்."

எனக்கு இது தெரியாது. ரெண்டு வருஷமா கூட இருக்கேன், ஒரு வார்த்த சொன்னதில்ல.

"அத எப்படி மேடம் எழுத முடியும்?"

"உரிச்சேன்னு எழுது. ஒரு வார்த்தைதான."

"பொன்னுலிங்கம் சார் ஜப்பான் போனார்னு இருக்கும். நீங்க ஷெட்டுக்குப் போனீங்கன்னு இருக்கும். கமிட்டியே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமேட்டி. காலையில இருந்து பயோடேட்டாவாப் படிச்சுக் களைச்சுப் போயிருப்பாங்க, பாவம்."

"உங்களுக்கு வெளையாட்டு. எனக்கு வாழ்க்கை. நீங்க கைடு இல்லன்னா நான் பாசி வழிக்கப் போகணும். ஒருத்தரோட பின்னணி, பின்னணின்னு கேக்காங்களே, அது என்னன்னாவது சொல்லுங்க. அதையாவது நிரப்புறேன்."

மேடம் கண்ண எடுத்தாங்க. மேசைக்கு அடியில இருந்து அவங்க வீட்டு டிபன் டப்பாவ எடுத்தாங்க. பெரிய டப்பா. தொறந்தா ஐஸும் இறாலும்.

"உரி."

"மேடம், நான் கேட்டது..."

"கேட்டுச்சு. உரி."

உரிச்சேன். கோவத்துல உரிச்சேன். சிலது ஓட்டத் தொட்டதும் கழண்டு வந்துச்சு. சிலது நகத்தப் பேத்துச்சு.

"இது வரவே மாட்டேங்குது. கெட்டுப்போன இறாலா வாங்கியிருக்கீங்க."

"எது வரல?"

"இந்தா, இது. ரெண்டு விரலும் போச்சு."

"அது இன்னைக்குக் காலையில கடல்ல இருந்தது. சுலபமா வருதே, அது நேத்தைய சரக்கு."

நான் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தேன். நுனி விரல் எரிஞ்சது.

"சரி. இதான் என் கேள்விக்குப் பதிலா?"

"இல்லட்டி. வராதது கொழம்புக்கு, வர்றது வறுக்க. தனித்தனியாப் போடு."

சொல்லிட்டு மறுபடி மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சிட்டாங்க. இவங்களையெல்லாம் யார் பேராசிரியர் ஆக்கினதுன்னு நெனச்சேன். நெனச்சத வாய்விட்டே சொன்னேன். மேடம் தோள் குலுங்கச் சிரிச்சாங்க.

அந்த ஃபார்மோட கடைசிப் பக்கம் ஸ்காலருக்கு. என் பக்கம். என் படிப்புலயும் ஒரு ஓட்டை உண்டு. பி.எஸ்ஸி.க்கும் எம்.எஸ்ஸி.க்கும் நடுவுல ரெண்டு வருஷம். அதுல நான் "போட்டித் தேர்வுக்குத் தயாரிப்பு"ன்னு எழுதியிருந்தேன். ஊர்ல ஓட்டை விழுந்தவங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. நான் ஒரு தேர்வுக்கும் தயாராகல. ஒரு கேபிள் டிவி கம்பெனியில கஸ்டமர் கேர்ல இருந்தேன். படம் தெரியலன்னா ஒரு நாளைக்கு நூத்தம்பது பேர் கூப்பிட்டுத் திட்டுவாங்க. நான் நூத்தம்பது தடவ மன்னிப்புக் கேக்கணும். விட்டுட்டு வந்த அன்னைக்கே முடிவு பண்ணேன், இனிமே எவன்கிட்டயும் மன்னிப்புக் கேக்குறதில்லன்னு. அந்த ரெண்டு வருஷத்தப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விட்டதில்ல.

புதன்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஃபார்ம் ஏறணும். மேடம் சாம்பிள் எடுக்க விசைப்படகுல போயிட்டாங்க. கரைக்கு வர ஏழு ஆகும். ஃபோன் போகல. மேடத்தோட பாஸ்வேர்ட் என்கிட்டதான் இருக்கும்.

மணி நாலரை. டிபார்ட்மெண்ட் கம்ப்யூட்டர்ல பொன்னுலிங்கம் சாரோட ஃபைல் கெடந்துச்சு. கட்டமெல்லாம் போட்டு அழகா இருந்துச்சு. அப்படியே காப்பி அடிச்சேன். அவர் பேர எடுத்துட்டு மேடம் பேரப் போட்டேன். ஜப்பான அழிச்சேன். சால்வைய அழிச்சேன். ரத்தத்த அழிச்சேன். ஏழு வருஷ ஓட்டையில "தர ஆலோசகர், தனியார் இறால் ஏற்றுமதி நிறுவனம்"னு கெத்தா ஒண்ண எழுதினேன். கட்டம் பச்சையாச்சு. நாலு அம்பத்தெட்டுக்கு ஏத்திட்டேன்.

ராத்திரி நல்லா தூங்கினேன். அதச் சொல்லணும்.

வியாழக்கெழம கமிட்டி. தலைவர் வெளியூர்க்காரர், காதுல மெஷின் வச்சவர். நீள மேசைக்கு அந்தப் பக்கம் அவங்க மூணு பேர். இந்தப் பக்கம் வாத்தியார்கள். சுவரோரமா ஸ்காலர்கள் நாங்க. மேடம் முந்தின நாள் வெயில்ல கறுத்துப்போய் வந்திருந்தாங்க. ஃபார்மப் பத்திச் சொல்ல எனக்கு நேரமே கெடைக்கல. பொய்தான். கெடச்சுது, நான் சொல்லல.

தலைவர் மேடத்தோட தாள எடுத்தார். படிச்சார். கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மறுபடி படிச்சார்.

"டாக்டர் செலஸ்டினா, நீங்க தொண்ணூத்தெட்டுல இருந்து அஞ்சு வருஷம் ஆண்கள் விடுதிக்குத் துணைக் காப்பாளரா இருந்தீங்களா?"

அது பொன்னுலிங்கம் சாரோட வரி. ஏழாவது பக்கத்துல அத அழிக்காம விட்டுட்டேன்.

மேடம், "நானா?"ன்னாங்க.

"போட்டிருக்கு. உங்க பிறந்த தேதிப்படி அப்போ உங்களுக்குப் பதினெட்டு வயசு."

எங்கேயோ ஒருத்தர் களுக்குன்னார். பொன்னுலிங்கம் சார் எட்டிப் பாத்தார். "அது என் ஹாஸ்டல்!"ன்னு கத்தியே விட்டார்.

தலைவர் நிறுத்தல. "அதே வருஷங்கள்ல ஒரு ஏற்றுமதி கம்பெனிக்குத் தர ஆலோசகராவும் இருந்திருக்கீங்க. பகல்ல இறால், ராத்திரியில பசங்களா?"

மொத்த ரூமும் சிரிச்சுது. மேடமும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சிட்டுச் சொன்னாங்க, "ரெண்டும் இல்ல சார்."

"அப்போ இத எழுதினது யாரு?"

மேடம் என்னத் திரும்பிப் பாக்கல. "என் பேர்ல வந்த தாள். பொறுப்பு என்..."

நான் எந்திரிச்சேன். "நான்தான் சார் எழுதினேன். மேடத்துக்குத் தெரியாது. அவங்க கடல்ல இருந்தாங்க."

"ஏம்மா எழுதின?"

"உங்க ஃபார்ம்தான் சார் எழுத வச்சது. ஒரு வருஷம் காலியா இருந்தாலும் செவப்பாயிரும். மனுஷன் உண்மையச் சொன்னா செவப்பு, பொய் சொன்னா பச்சை. நீங்க அத மாத்திட்டு வந்து என்னக் கேளுங்க."

பக்கத்துல இருந்தவ என் சுடிதாரப் புடிச்சு இழுத்தா. தலைவர் காது மெஷினத் திருகினார். சத்தத்தக் கூட்டினாரா கொறச்சாரான்னு தெரியல.

"உக்காரும்மா"ன்னார். அப்புறம் மேடத்தப் பாத்தார். "அந்த ஏழு வருஷம் என்னதான் செஞ்சீங்க?"

"ஷெட்ல இறால் உரிச்சேன் சார். நாப்பது பொம்பளைங்க இருந்தோம். சரக்கு கெட்டுப்போனா சூப்பர்வைசர் எங்களத்தான் சொல்லுவார். உங்க கை அழுக்குலதான் கெடுதுன்னு. ஒரு நாள் ஆறு பேர வேலைய விட்டு நிப்பாட்டிட்டார். அதுல அந்தோணியம்மா அக்காவும் ஒருத்தங்க. எனக்கு உரிக்கக் கத்துக் கொடுத்தவங்க. அக்கா கேட் வரைக்கும் போயி, கையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு எங்கிட்ட கேட்டாங்க, 'ஏட்டி, நெசமாவே என் கையிலதான் கெடுதா?'ன்னு."

யாரும் சிரிக்கல.

"எனக்குப் பதில் தெரியல சார். சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். அவருக்கும் தெரியல. ஐஸ் பிளாண்ட்ல கேட்டேன். அங்க ஒருத்தர், அதெல்லாம் படிச்சவங்களுக்குத்தான் தெரியும்னார். அதான் படிக்க வந்தேன்."

"பதில் கெடச்சுதா?"

"கெடச்சுது. கெடைக்கப் பதினொரு வருஷம் ஆச்சு. அதான் என் பி.எச்டி."

"என்ன பதில்?"

"அக்கா கையில இல்ல சார். படகுல. வலையில ஏறுனதுக்கும் ஐஸ் போடுறதுக்கும் நடுவுல. எங்க கைக்கு வரும்போதே பாதி கெட்டுத்தான் வந்திருக்கு."

தலைவர் பேனாவ மூடினார்.

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"தீசிஸோட முதல் காப்பி அவங்க வீட்டுலதான் இருக்கு. படிக்கத் தெரியாது. டிவி மேல வச்சிருக்காங்க."

தலைவர் சிரிச்சார். "இது ஹாஸ்டல விட நல்ல அனுபவம்"னார். பொன்னுலிங்கம் சார், "என் ஹாஸ்டலப் பாத்தா அப்படித்தான் சார் சொல்லுவீங்க"ன்னார். கைடா இருக்க அஞ்சு வருஷம் நீட்டிச்சு எழுதினாங்க. ஒரே நிபந்தன. தப்பான ஃபார்மத் திருத்தி, நாளைக்குள்ள அனுப்பணும்.

வெளிய வந்ததும் நான் மேடத்துமேல பாஞ்சேன். அந்த நேரத்துல வேற என்ன செய்யன்னு எனக்குத் தெரியல.

"இவ்வளவு பெரிய விஷயம். ரெண்டு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

"கேட்டேன்! ஃபார்மோட வந்து நின்னு கேட்டேன்!"

"நீ கேட்டது, அந்த ஏழு வருஷத்துல என்ன எழுதன்னு. அவர் கேட்டது, என்ன செஞ்சீங்கன்னு."

எனக்குப் பதில் வந்துச்சு. ஆனா சொல்லல. அதுவே எனக்குப் புதுசா இருந்துச்சு.

லேப்புக்கு வந்தோம். மேடம் ஃபார்மப் பிரிண்ட் எடுத்து முன்னாடி வச்சாங்க. ஆண்கள் விடுதிய நான் செவப்புப் பேனாவால அடிச்சேன். தர ஆலோசகர அடிச்சேன். மேல "இறால் உரித்தேன்"னு எழுதினேன். கட்டம் பெருசாத் தெரிஞ்சுது. கீழ அந்தோணியம்மா அக்கா பேரையும் சேத்தேன். மேடம் பாத்தாங்க.

"அவ்வளவுதான மேடம்? அனுப்பிரவா?"

மேடம் தாள்களப் புரட்டினாங்க. கடைசிப் பக்கத்துக்கு வந்தாங்க. என் பக்கம். ஒரு விரல வச்சாங்க. ஐஸ்லயும் உப்புலயும் கெடந்து தடிச்ச விரல். அது "போட்டித் தேர்வுக்குத் தயாரிப்பு" மேல நின்னுச்சு.

"இந்த ரெண்டு வருஷம் என்ன செஞ்ச, இசக்கி?"

நூத்தம்பது பேருக்குப் பதில் சொன்ன வாய். கமிட்டித் தலைவர்கிட்டயே மல்லுக்கு நின்ன வாய். தொறக்க மாட்டேன்னுச்சு.

மேடம் காத்திருந்தாங்க. அப்புறம் குனிஞ்சு மேசைக்கு அடியில இருந்து அந்தப் பெரிய டப்பாவ எடுத்தாங்க. மூடியத் தொறந்து என் பக்கம் தள்ளினாங்க. எல்லாம் அன்னைக்குக் காலையில வந்தது. ஒண்ணுகூட சுலபமா வராது.

"உரிச்சிக்கிட்டே சொல்லு. அவசரமில்ல."