பெரியவர் மேல் ஏறிய ஆடுகள்

விலங்குகள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் வரையாடுகளுக்கு மலை ஏறத் தெரியாது. மற்ற விலங்குகளோடு அடிவாரக் காட்டில்தான் இருந்தன. மலை அப்போது நெருப்பு மலை. உச்சியில் எப்போதும் புகை நிற்கும். எப்போதாவது உறுமிவிட்டுச் சிவந்த குழம்பைக் கொஞ்சம் துப்பும். அதை யாரும் மலை என்று சொல்வதில்லை, பெரியவர் என்றுதான் சொல்வார்கள்.

தை மாதப் பனியில் பிறக்கும் குட்டிகளைப் பெரியவரின் காலடியில் கொண்டுபோய்க் கிடத்துவது அங்கே வழக்கம். அந்தக் கல்லின் சூட்டில் குட்டி நடுக்கம் விட்டு எழுந்துகொள்ளும்.

ஒரு தை மாதத்தில் காடே அதிரும்படி ஒரு சத்தம் கேட்டது. விடிந்ததும் எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். மலையின் ஒரு பக்கத்தையே காணவில்லை. அது இருந்த இடத்தில் கரிய பாறைச் சுவர் ஒன்று, தூண்களை நெருக்கி நிறுத்தியதுபோல, நேராக மேகத்துக்குள் போனது. புகை இல்லை, உறுமல் இல்லை. காலடிக் கல்லைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

பெரியவர் காலமாகிவிட்டார் என்று சொல்லிக் கரடி ஒப்பாரி வைத்தது. அவர் அசந்து தூங்குகிறார், எழுப்பிவிடாதே என்று மந்தி ஓடிவந்து அதன் வாயைப் பொத்தியது. காட்டுக்கோழிகள் கரடியோடு சேர்ந்து அழுதன. மான்கள் மந்தியோடு சேர்ந்து அழுகிறவர்களை அடக்கின. யானைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்ச நேரம் அழுதது, கொஞ்ச நேரம் அழுகிறவர்களை அதட்டியது.

அந்தக் கூட்டத்துக்குள் செம்பி என்ற வரையாடு, ஈரம் காயாத குட்டியோடு வந்து நின்றாள். கூடவே அவள் கணவன் கருக்கன். குட்டியைக் கல்லில் கிடத்தினார்கள். அதன் நடுக்கம் குறைந்துகொண்டே வந்தது. சூட்டினால் அல்ல, நடுங்கவும் தெம்பில்லாமல் போனதால்.

கருக்கன் அண்ணாந்து பார்த்தான். பாறையின் பாதி உயரத்தில் ஒரு பிளவு. அதைச் சுற்றி மட்டும் பனி படியவில்லை. அங்கே சூடு இருக்க வேண்டும். ஆனால் போவதென்றால் பெரியவரை மிதித்துத்தான் போக வேண்டும். படுத்திருப்பவர் தூங்கினாலும் சரி, செத்துக் கிடந்தாலும் சரி, அவர் மேல் கால் வைப்பது அந்தக் காட்டில் வழக்கம் கிடையாது. அந்த ஒன்றில் மட்டும் கரடியும் மந்தியும் ஒத்துப்போயின.

"மாப்ளே, கால வச்ச, அப்புறம் எங்க மூஞ்சில முழிக்காத" என்றது மந்தி.

கருக்கன் நெற்றியைப் பாறையில் வைத்து எடுத்தான். பிறகு ஏறினான்.

பிளவுக்குள் சாம்பல் வெதுவெதுப்பாகக் கிடந்தது. அள்ளக் கை இல்லாததால் அதில் புரண்டு, முதுகு நிறைய அப்பிக்கொண்டு இறங்கினான். கீழே வருவதற்குள் அது ஆறிவிட்டது.

"இது சரிப்படாது புள்ள. குட்டிய எம் முதுகுல ஏத்து. சரியாம முட்டுக் குடுத்துக்கிட்டே நீயும் வா."

"நான் எப்படிங்க, அவர் மேல..."

"நான் வச்ச எடத்துல வையி."

அவள் குட்டியைப் பார்த்தாள். கால் வைத்தாள். கீழே அழுகையும் நின்றது, அதட்டலும் நின்றது. பெரியவர் கண் விழித்துக் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறாய் என்று மந்தி கத்தியது. கருக்கன் திரும்பவில்லை.

சாம்பலுக்குள் புதைத்த குட்டி சாயங்காலம் தலையைத் தூக்கிப் பால் தேடியது.

மறுநாள் காலையில் சாம்பலும் ஆறிப்போயிருந்தது. குட்டி பாறை விளிம்பில் பயமில்லாமல் துள்ளியது. கீழே ஒருவரும் இல்லை. அழுதவர்களும் அடக்கியவர்களும் வேறு வேறு பக்கமாகப் போய்விட்டார்கள். செம்பி பாறையில் காதை வைத்தாள். உள்ளே ஏதோ கேட்டதுபோலவும் இருந்தது, ஒன்றும் கேட்காததுபோலவும் இருந்தது.

இறங்கிவிடலாமா என்று கேட்டாள்.

"தூங்குறாருன்னா, முழிக்கிறப்ப மன்னிப்புக் கேக்க நாம இருக்கணும்" என்றான் கருக்கன். "போய்ட்டாருன்னா, தனியா விட்டுட்டுப் போகக் கூடாது."

"ரெண்டுல எதுங்க?"

"தெரியலையே, புள்ள."

அன்றிலிருந்துதான் வரையாடுகள் செங்குத்துப் பாறையை விட்டுக் காட்டுக்கு இறங்குவதில்லை. கிடாய்களின் முதுகில் அந்தச் சாம்பல் இன்னும் ஒட்டியிருக்கிறது. கூட்டம் மேயும்போது ஒன்று மட்டும் மேயாமல் தலை நிமிர்ந்து நிற்கும். பெரியவர் எழுந்தால் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது அது.