பெயரில்லாக் காசு தின்ற பூதம்

வெகு வெகு காலத்துக்கு முன்னே, மேழிநாட்டில் நல்லணன் என்றொருவன் இருந்தான். ராஜாவின் லாயத்தில் குதிரைக்காரன். மாதம் பிறந்தால் பத்து வெள்ளிக்காசு சம்பளம். அதைக் கொண்டுவந்து மனைவி மயிலாத்தாவிடம் கொடுப்பான். அவள் சுவர் மாடத்தில் வைப்பாள். பத்தாம் நாள் பார்த்தால் மாடம் காலி. எங்கே போனது என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

இதில் இன்னொரு விசேஷம். காசு தீர்ந்த ஒவ்வொரு மாதமும் வீடு ஒரு சாண் தாழ்ந்தது. முதலில் வாசலில் தலை இடித்தது. பிறகு குனிந்து போனார்கள். பிறகு தவழ்ந்து போனார்கள்.

"இன்னும் நாலு மாசம் போனா நாம உள்ளேயே நசுங்கிடுவோம்" என்றான் நல்லணன்.

ஒரு நாள் உப்புக்காரர் வரவில்லை. மயிலாத்தா ஒரு காசைத் தனியே எடுத்து, "நீ உப்புக்கு. அவர் வர்ற வரைக்கும் இங்கேயே இரு" என்று சொல்லி வைத்தாள். மறுநாள் பார்த்தால் மற்றக் காசெல்லாம் மாயம். உப்புக் காசு மட்டும் வைத்த இடத்தில் இருந்தது.

அடுத்த சம்பளத்தன்று பத்துக் காசையும் தரையில் பரப்பினாள். "நீங்க மூணு பேரும் அரிசிக்கு. நீ உப்பு புளிக்கு. நீ எண்ணெய்க்கு. நீ விறகுக்கு. நீ துணிக்கு. நீ கூரைக்கு. நீ நோய்நொடிக்கு. நீ ஒரு பசுமாட்டுக்கு."

உடனே காலி நெற்குதிருக்குள்ளிருந்து ஒரு பூதம் எழுந்தது. வயிறு குடம்போல் இருந்தது.

"அடியே! பேரில்லாத காசு எனக்கு! இப்படி எல்லாத்துக்கும் பேர் வெச்சா நான் எதைத் தின்பேன்?"

"பட்டினி கிட."

"தொடர்ந்து மூணு மாசம் பட்டினி கிடந்தா இந்த வீட்டை விட்டுப் போயாகணும். ஆனா பேர் மாறிச் செலவான காசும் எனக்குத்தான். எத்தனை வீடு பார்த்திருக்கேன்! ஒருத்தரும் தாக்குப்பிடிச்சதில்லை."

முதல் மாதம் பூதம் வளையல்காரனாக வந்தது. "தாயே, மயில்கழுத்து நிற வளையல். ஒரே காசு!" மயிலாத்தா வளையலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், "வளையல்னு பேர் வெச்ச காசு என்கிட்ட இல்லை" என்றாள்.

இரண்டாம் மாதம் மிட்டாய்க்காரனாக வந்தது. வாசனை தெருவையே தூக்கியது. "மிட்டாய்னு பேர் வெச்ச காசு என்கிட்ட இல்லை" என்றாள்.

மூன்றாம் மாதம் பூதம் வரவில்லை. வரத் தேவையும் இருக்கவில்லை. நல்லணனே எண்ணெய்க் காசை எடுத்துப் போய்க் கிடாய்ச் சண்டையில் பந்தயம் கட்டித் தோற்றான். அந்தக் காசு நேரே பூதத்தின் வயிற்றில் விழுந்தது. வீடு ஒரு சாண் இறங்கியது.

பூதம் குதிர்மேல் உட்கார்ந்து சிரித்தது. "ரெண்டு மாசப் பாடும் வீண்! இனி என்ன? மிச்சத்தையும் இன்னைக்கே தீர்த்துட்டு நல்லா சாப்பிடுங்க!"

மயிலாத்தாவுக்கு அழுகை வந்தது. அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எண்ணினாள். "போனது ஒரு காசு. மிச்சத்துக்கெல்லாம் இன்னும் பேர் இருக்கு. இந்த மாசம் விளக்கு எரியாது. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடுவோம்."

பூதத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏங்க இப்படிப் பண்ணினீங்க?" என்று கணவனிடம் கேட்டாள்.

"அரிசிக்குப் பேர் வெச்சே. கூரைக்குப் பேர் வெச்சே. நான்தானே லாயத்துல மாடா உழைக்கறேன்? என் பேர்ல ஒண்ணுகூட இல்லையே, புள்ள."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். தன் பேரிலும் ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த சம்பளத்தன்று துணிக் காசைச் செப்புக்காசாக மாற்றினாள். பாதிக்கு "நல்லணன்" என்று பேர், பாதிக்கு "மயிலாத்தா" என்று பேர். அவன் தன் பங்கைக் கிடாய்ச் சண்டையில் கட்டினான், தோற்றான், சிரித்துக்கொண்டே வீடு வந்தான். அவள் வளையல் வாங்கினாள். பழந்துணியையே தைத்துக் கட்டினார்கள்.

ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. மூன்றாம் மாதக் கடைசி நாளில் குதிருக்குள் முனகல் கேட்டது. பூதம் பூனையளவு வற்றிக் கிடந்தது. சூரியன் இறங்கியதும் அது ஒரு நடுவயது மனிதனாக எழுந்து நின்றது. கூரை மடமடவென்று உயர்ந்து பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது.

"அம்மா, நான் ஒரு வணிகன். ஒரு மந்திரவாதி என்னைப் பார்த்து, 'உன்கிட்ட எவ்வளவு காசு இருக்கு'ன்னு கேட்டான். 'தெரியாது, யார் எண்ணறது'ன்னு சிரிச்சேன். 'யாரும் எண்ணாததைத் தின்னுட்டே கிட'ன்னு சபிச்சுட்டான்."

"பசிக்குதா?"

"பசிக்குது."

தங்கள் சோற்றையே மூன்றாகப் பங்கிட்டாள். மூவரும் உட்கார்ந்து உண்டார்கள்.

வணிகன் சந்தையில் மூட்டை தூக்கப் போனான். ஒரு மாதம் கழித்து மூடிய கையோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே நாலு காசு.

"எங்கேயிருந்து ஆரம்பிக்கறது அம்மா?"

"உட்காருங்க" என்றாள் மயிலாத்தா. "முதல்ல அரிசி."

மறு வருஷம் அவள் வீட்டுக்குப் பசுமாடு வந்தது. அவர்கள் பால் குடித்தார்கள். கேட்ட உங்களுக்கும் பால் பொங்கட்டும்.