குடைக்கு அடியில் பிடித்த மழை

ஊமத்தங்குளத்தில் புத்திசாலிகள் என்று மூன்று பேர் இருந்தார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது ஊர் லேசாகச் சிரிக்கும், அவ்வளவுதான். மூத்தவர் உச்சிமாகாளி. அடுத்தவன் மாசானம். மூன்றாவது, மாசானத்தின் பெண்டாட்டியோட தம்பி இசக்கி.

அந்த வருஷம் மாசானத்தின் மிளகாய் நாற்றங்கால் வாடிக் கிடந்தது. நாலு பாய் விரிக்கிற இடம்தான். ஆனால் அந்த நாற்று போனால் வருஷமே போச்சு. கிணற்றில் தவளைக்கே தண்ணீர் போதவில்லை. மாசானத்துக்குச் சோறு இறங்கவில்லை, பாவம்.

அப்போதுதான் அவன் அண்ணன் குவைத்திலிருந்து ஒரு டூ-இன்-ஒன் பெட்டி கொண்டுவந்தான். ரேடியோவும் பாடும், கேசட்டும் பாடும்.

"இந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கினா எதையும் பிடிச்சு வச்சுக்கிடும். எங்க போட்டாலும் அப்படியே திருப்பிக் குடுக்கும். ஆனா பெட்டி மேல ஒரு சொட்டுத் தண்ணி படப்பிடாது," என்று தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

முதலில் ரேடியோவைப் போட்டார்கள். ஓரிரு இடங்களில் மழை பெய்யும் என்றது.

"அந்த ஓரிரு இடத்துல நம்ம ஊரு உண்டா அத்தான்?" என்றான் இசக்கி.

"அதுகிட்டயே கேளேன்."

இசக்கி ஸ்பீக்கரில் வாயை வைத்து மூன்று தடவை கேட்டான். பெட்டி நெல் விலைக்குப் போய்விட்டது.

"பெரிய இடத்து ஆளு, நமக்கெல்லாம் பதில் சொல்லாது," என்றார் உச்சிமாகாளி. "ஏல மாசானம், எதையும் பிடிக்கும்னு ஒங்கண்ணன் சொன்னாம்லா? தென்காசியில மழை கொட்டுதாம். போய்ப் பிடிச்சிட்டு வந்திருவோம்."

போனார்கள். மூவரும் தொப்பலாக நனைந்துகொண்டே, பெட்டிக்கு மட்டும் குடை பிடித்து, ஒரு கேசட் நிறைய மழை பிடித்தார்கள். திரும்பும்போது பெட்டியை சீட்டுக்கடியில் சாய்த்து வைக்கச் சொன்னார் கண்டக்டர். "சிந்திரும் சார்," என்று மாசானம் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டான்.

நாற்றங்கால் நடுவில் வைத்துப் போட்டார்கள். சோவென்று சத்தம் வந்தது. தண்ணீர் வரவில்லை.

"சத்தம் முன்னால வரும், தண்ணி பின்னால வரும்," என்றார் உச்சிமாகாளி.

சொல்லி வாய் மூடவில்லை. வானம் இருட்டி, நிஜமாகவே மழை விழத் தொடங்கியது. மாசானம் சந்தோஷத்தில் அழுதேவிட்டான்.

"அத்தான், பெட்டி நனையுது! எடுத்திரவா?"

"எடுத்தா மழை நின்னுரும்லா!"

மாசானம் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்துவந்தான். நாலு மூலைக்கும் கம்பு நட்டு, நாற்றங்கால் முழுக்கக் கூரை போட்டார்கள். பெட்டி மேல் ஒரு சொட்டு விழவில்லை. வழிந்த தண்ணீரெல்லாம் பக்கத்து வயலுக்குப் போனது.

மூவரும் அடியில் குந்தியிருந்தார்கள். நேரம் ஆக ஆக மாசானத்தின் முகம் சுருங்கியது.

"அண்ணாச்சி, இம்புட்டுச் சத்தம் கேக்கு, நாத்துல ஈரமே காணுமே?"

உச்சிமாகாளி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் யோசித்தார்.

"நம்ம தப்புதாம்ல. குடைக்கு அடியில வச்சுப் பிடிச்ச மழை எப்படி நனைக்கும்?"

மாசானம் தலையில் அடித்துக்கொண்டான். கொட்டுகிற மழையில் நனைந்தபடியே மூவரும் தென்காசிக்கு மழை பிடிக்கப் பஸ் ஏறினார்கள்.